குழாயடிப் பகையும் ஒரு பாட்டில் ரத்தமும்

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே சண்டை வந்துவிடும். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வேலை தொடங்கியிருந்த சமயம். என் கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் கிளார்க் உத்தியோகம். நான் ஆத்தூர்ப் பக்கத்து வயல் கிராமத்தில் பிறந்தவள். வாய்க்காலில் இறங்கிக் குடத்தை முக்கினால் நிறைந்துவிடும் என்று வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான், ஒரு குடம் தண்ணீருக்காக ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கொண்டையைப் பிடித்து இழுப்பாள் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

என் எதிரி எதிர்வீட்டிலேயே இருந்தாள். கடற்கரை மீனவர் ஊரான ஆலந்தலையில் பிறந்தவள். புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவள் பேசினால் தெருமுனை வரை கேட்கும். நான் வந்த முதல் மாதமே வரிசையில் இருந்த என் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். ஆற்றில் கிடக்கிற தண்ணீரை விட்டுவிட்டு இங்கே வந்து எங்கள் தண்ணீரை மோந்துகொண்டு போகிறாள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். குளித்தாலும் போகாத மீன் நாற்றத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் எங்கள் பகையை நிலைக்க வைத்தது.

“வயித்துலதான் ஒண்ணையும் காணோம். குடத்தையாவது நெறச்சுக்கிட்டுப் போ.”

எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். பிள்ளை இல்லை. அவள் சொன்னதைக் கேட்டு மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்களே தவிர, ஒருத்தியும் அவளைக் கண்டிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக்கூட விட்டேன். அவள் வாசலைக் கூட்டினால் குப்பை என் வாசலுக்கு வரும். நான் பாத்திரம் கழுவிய தண்ணீர் அவள் வாசலுக்குப் போகும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்தக் குறுகலான தெரு, நாங்கள் இருந்த வரைக்கும் காய்ந்ததே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். அம்மா ஊரில் படுக்கையில் கிடந்ததால், மூத்தவள் நான்தான் பார்க்க வேண்டும் என்று ஆனது. தங்கையை ஆத்தூரில் ஒரு வெற்றிலை மண்டிக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் வாய் திறந்து பேசாதவன். குடும்பத்துக்கும் மண்டிக்கும் அவனுடைய அண்ணன்தான் எல்லாம். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொன்னேன். நல்ல உயரம், இரும்பு மாதிரி உடம்பு, நெற்றியில் எப்போதும் கலையாத திருநீறு. தம்பி என்ன சட்டை போட வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

ஒரு காலையில் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. செய்தி போய், ஆத்தூரிலிருந்து அண்ணாச்சியும் தம்பியும் சொந்தக்காரர்கள் சிலரும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். குழந்தை பிறந்ததற்காக வராந்தாவில் எல்லோருக்கும் சீனி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நர்சுகள் ஓட ஆரம்பித்தார்கள். தங்கைக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார். கையிருப்பில் இருந்த ஒரே ஒரு பாட்டிலை ஏற்றிவிட்டதாகவும், இன்னும் இரண்டு பாட்டிலாவது உடனே வேண்டும் என்றும் சொன்னார். என் தங்கைக்கு ஓ குரூப் ரத்தம்; அதே குரூப் உள்ளவர்கள்தான் கொடுக்க முடியும், எல்லோரும் லேபுக்கு வந்து சோதித்துப் பாருங்கள் என்றார்.

அந்த வராந்தாவை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. சீனியை வாயில் போட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றார். ஒருவருக்குக் கார்க்காரனிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அப்பா வழியில் மாமன் முறையுள்ள ஒருவர், தனக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது என்று என்னிடமே சொல்லிவிட்டுப் படியிறங்கினார். உள்ளே ஒருத்தி ரத்தத்தில் கிடக்கிறாள், இவருக்கு அதைப் பார்க்க ஆகாது.

நான்தான் முதலில் போய்க் கையை நீட்டினேன். எனக்கு பி குரூப் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவள், என் ரத்தம் அவளுக்கு ஆகாதா என்று லேபில் இருந்தவரோடு சண்டை போட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. என் கணவர் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார். அவருக்கும் சேரவில்லை. வேலை செய்கிற இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன், அப்படியே வீட்டில் போய் மாற்றுத் துணியும் எடுத்து வருகிறேன் என்று சைக்கிளில் போனார்.

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தபடியே, விலைக்கு வாங்கினால் போச்சு, இதற்கு ஏன் இத்தனை கூப்பாடு என்றார். அந்தக் காலத்தில் ரத்தம் விற்கிறவர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாச்சி ஆளனுப்பி ஒருவனைக் கூட்டி வரச் செய்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தான். லேபில் ஒரு குப்பி நிறைய நீலமாக மயில்துத்தக் கரைசல் வைத்திருந்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விட்டால், சத்துள்ள ரத்தம் அடியில் போய்விடும். இவனுடைய சொட்டு மேலேயே மிதந்தது. போன வாரம்தான் எங்கோ கொடுத்திருக்கிறான் போலிருக்கிறது. இவனிடம் எடுத்தால் இவனுக்கே ஆள் தேட வேண்டிவரும் என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குள் தங்கையின் புருஷன் யாரும் சொல்லாமலே லேபுக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்திருந்தான். ஓ குரூப். எனக்கு உயிர் வந்தது. அவன் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினான். அண்ணாச்சி எழுந்து வாசற்படியில் நின்றுகொண்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“ஏலே, மூட்ட தூக்குத ஒடம்பு ஒனக்கு. ரத்தத்தக் குடுத்துட்டு நாளைக்கு நீ விழுந்து கெடந்தா யாரு பாக்க? பொண்டாட்டி இவ இல்லன்னா இன்னொருத்தி வருவா. நீ போனா எனக்குத் தம்பி கெடைப்பானா?”

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தங்கைக்கு நினைவு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தம்பி, அண்ணன் முகத்தைப் பார்த்தான். சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

நான் அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றேன். ஒரு கூடப்பிறந்தவனுக்காக நீங்கள் இவ்வளவு பார்க்கிறீர்களே என்று ஆரம்பித்தேன். கடைசியில் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

“எனக்கு மட்டும் இன்னொரு தங்கச்சி கெடைப்பாளா அண்ணாச்சி?”

அவர் ஒன்றும் கொடுமைக்காரர் போல நடந்துகொள்ளவில்லை. தான் சொன்னது நியாயம் என்று நம்பிக்கொண்டு நின்றார். அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

மத்தியானம் ஆகிவிட்டது. வெயில் வராந்தாவில் பாதி ஏறியிருந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டி என் எதிர்வீட்டுக்காரி நடந்து வருவதைப் பார்த்தேன். வேறு யாரையோ பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். என் கணவர் துணி எடுக்க வந்தபோது தெருவில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். அது குழாயடிக்குப் போய், அங்கிருந்து அவள் காதுக்குப் போயிருக்கிறது. முந்தின வருஷம் அவள் புருஷன் காலில் இரும்பு விழுந்தபோது அவள்தான் ரத்தம் கொடுத்திருக்கிறாள். அதனால் தன் ரத்தம் ஓ குரூப் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஒனக்காவ வரலளா,” என்றாள். “உள்ள கெடக்கவ ஒரு வம்புக்கும் போவாதவ. எங்க குத்தணும், சொல்லு.”

தங்கை என் வீட்டுக்கு வந்த புதிதில், நான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருக்கிறாள். நிறைமாத வயிற்றைப் பார்த்து இவள் வரிசையை விலக்கி, முதல் குடத்தை அவளுக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். நான் கோபப்படுவேன் என்று தங்கை என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. பிறகு தெரிந்துகொண்டேன்.

அவளைச் சோதித்துவிட்டுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்சுகள் எல்லோரும் தங்கையிடம் இருந்ததால், ஆள் மயங்குகிறாளா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும்படி டாக்டரம்மா என்னிடம் சொன்னார். சிவப்பு ரப்பர் குழாய் வழியாக அவள் ரத்தம் கீழே இருந்த கண்ணாடி பாட்டிலில் இறங்கியது. அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி கதவருகில் வந்து நின்றார். கடற்கரைக்காரி ரத்தத்தைத் தங்கள் வீட்டுப் பெண் உடம்பில் ஏற்றக் கூடாது, அதற்குத் தாங்கள் சம்மதிக்க மாட்டோம் என்றார். டாக்டரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நான் உங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லையே என்றார். ஆனால் படுத்திருந்தவள் சும்மா இருக்கவில்லை. தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

“ஒங்க மண்டி வெத்தலையத்தான் அண்ணாச்சி எங்க ஊரே மெல்லுது. அது எங்க ரத்தத்துலதான் போய்ச் சேருது. அந்தக் காச வாங்கும்போது தீட்டு இல்லியா? இது வேண்டாம்னா ஒங்க கையை நீட்டுங்க. நான் இதக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுதேன்.”

அவர் கையை நீட்டவில்லை. போய்விட்டார்.

ஊசியை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் படுக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு, பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அங்கே தங்கையின் புருஷன் அதே பெஞ்சில் தலையைக் குனிந்தபடி இருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள். தனக்கு மூன்று பிள்ளைகள் என்றும், வீட்டில் இன்னும் உலை வைக்கவில்லை என்றும், போய்த்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்றும் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

“நான் குடுத்துட்டேன். நீ எதுக்குலே உக்காந்திருக்க?”

அவன் எழுந்தான். அண்ணாச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டாவது பாட்டில் அவனுடையது.

சாயங்காலம் தங்கையின் நகத்தில் சிவப்பு திரும்பியது. குழந்தையைப் பக்கத்தில் போடச் சொன்னாள். அண்ணாச்சி அதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு ஆத்தூருக்குப் போய்விட்டிருந்தார். தம்பி பஸ்ஸில் போனான். அடுத்த மாதமே மண்டியிலிருந்து தம்பியை விலக்கிவிட்டார். நாலு பேர் முன்னால் தன் சொல்லை மீறியவனோடு தொழில் செய்ய முடியாதாம். அவன் சாகுபுரம் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு தங்கையையும் குழந்தையையும் அங்கே கூட்டிப்போனான். என்னோடும் அவன் சரியாகப் பேசுவதில்லை. அன்றைக்கு அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அதை அவனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவன் எழுந்ததையும் நான் பார்த்தேன் என்று சொல்ல ஒருநாளும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

தங்கை வீடு திரும்பிய அன்று, ஊரிலிருந்து வந்திருந்த புது அரிசியில் ஒரு ஓலைப்பெட்டியும் ஒரு சீப்புப் பழமும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். தெருவைக் கடந்து அந்த வீட்டுப் படியில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் பெட்டியைப் பார்த்தாள். ரத்தத்துக்கு அரிசி அளக்க வந்தாயா, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவள் என்று நினைத்தாயா என்று கேட்டாள். பழத்தை மட்டும் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்டு அரிசிப் பெட்டியை என் கையிலேயே திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் குழாயடியில் என் குடம் மறுபடியும் நகர்ந்திருந்தது. நான் விடவில்லை. அன்றைக்கு நடந்த சண்டையில் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து விலக்க வேண்டியிருந்தது.

சில வாரம் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உனக்கு வாய் நன்றாக இருக்கிறது, அன்று வராந்தாவில் பார்த்தேன், ஊர் ஊராக வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லிப் பேசுவாயா என்று கேட்டார். பேசுவதற்கு முன்னால் நான் கொடுக்கிறேன் என்றேன். என் பி குரூப் யாரோ ஒரு உப்பளத் தொழிலாளிக்குப் போனது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஊசி குத்தும்போது ஒரு சுருக்கு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். இதற்காகவா அத்தனை பேர் டீ குடிக்கப் போனார்கள் என்று எண்ண எண்ண எனக்கு ஆத்திரம் கூடியதே தவிர, புண்ணியம் செய்த நிம்மதி ஒன்றும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வேனில் ஏறினால், உள்ளே என் எதிரி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரம்மா அவளையும் கூப்பிட்டிருக்கிறார். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். நான் இறங்கினால் நான் பயந்து ஓடியதாகத் தெரு முழுக்கச் சொல்வாள். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். இரண்டு பேரும் இறங்கவில்லை. வேன் போன வழியெல்லாம் அவள் அந்த ஜன்னலையும் நான் இந்த ஜன்னலையும் பார்த்துக்கொண்டு போனோம்.

முதலில் நான் பணிவாகத்தான் பேசினேன். உயிர் காப்பது பெரிய தருமம், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுக் காரணம் சொன்னார்கள். உப்பளத்துக்காரர் தன் ரத்தமெல்லாம் வெயிலில் வற்றிவிட்டது என்றார். துறைமுக வாசலில் ஒருவர், ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் ரத்தத்தைக் கப்பலில் ஏற்றி விற்கப் போகிறார்கள் என்று கூட்டத்தையே கலைத்தார். கல்யாணமாகாதவன் கல்யாணத்துக்குப் பிறகு என்றான். கல்யாணமானவன் வீட்டில் கேட்க வேண்டும் என்றான். எல்லோருக்கும் உடம்பில் ரத்தம் குறைவாம். சொந்தக்காரனை வெட்டப் போகும்போது மட்டும் அது கொதிக்கிற அளவுக்கு இருக்கும்.

பாதை திரும்பியது ஆலந்தலையில். எதிர்வீட்டுக்காரியின் சொந்த ஊர் என்பதால் அங்கே கூட்டம் கூடும் என்று டாக்டரம்மா நம்பினார். கூட்டம் கூடியது. கடற்கரையில், கோயிலுக்குப் பக்கத்தில், வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் மேசை போட்டார்கள். நான் பேச எழுந்ததுமே ஒருவர், ஆத்தூர்க்காரிக்கு எங்கள் ரத்தம் எதற்கு, உன் ஊரில் போய்க் கேள் என்றார். சிரிப்பு எழுந்தது. ரத்தம் கொடுத்தால் கடலில் கை வராது, துடுப்பே பிடிக்க முடியாது என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரி எழுந்தாள். சிரித்தவர்களில் அவளுடைய சித்தப்பா மகன்களும் இருந்தார்கள். அவள் யாரையும் கெஞ்சவில்லை. ஒவ்வொருவரையும் விரலால் சுட்டி, அவரவர் வீட்டில் பிரசவத்திலும் கடலிலும் போனவர்களைச் சொன்னாள். இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய மதினி என்று. அப்போது நீ எங்கே நின்றாய், எந்த டீக்கடையில் நின்றாய் என்று கேட்டாள். கூட்டம் அடங்கியது. அதன் பிறகுதான் அவள் என்னைக் காட்டினாள்.

“இவளக் கண்டா எனக்கு ஆகாது. இவ தங்கச்சிக்கு நான் குடுத்தேன். குடுத்துட்டு மறுநா இவகூடச் சண்ட போட்டேன். எனக்குக் கை வராமலா போச்சு?”

அன்று ஆலந்தலையில் கொஞ்சம் பேர்தான் கொடுத்தார்கள். ஆனால் அதுவரை போன இடத்திலெல்லாம் கிடைத்ததை விட அது அதிகம். கொடுத்தவர்களில் முதல் ஆள் அவளுடைய சித்தப்பா மகன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இவள் வாய்க்குப் பயந்துதான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே படுத்தான். பயத்தில் கொடுத்த ரத்தமும் ஏறும்போது ஒரே மாதிரிதான் ஏறுகிறது.

அடுத்த முறை என் ஊர்ப் பக்கம் போனோம். நான் பணிவையெல்லாம் வேனிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அன்றைக்குச் சீனியை மென்றுகொண்டு படியிறங்கிய மாமன் முறைக்காரர் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார். அவரை எழுப்பி நிறுத்தி, வராந்தாவில் நடந்ததை ஒன்று விடாமல் ஊர் முன்னால் சொன்னேன். பெரியவரை இப்படிப் பேசலாமா என்று சிலர் என்னை அடக்கப் பார்த்தார்கள். என் அப்பா வழிச் சொந்தங்கள் அன்றோடு என் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார்கள். ஆனால் அவருடைய இரண்டு பையன்களும் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் எதிர்வீட்டுக்காரி முதல் முறையாகத் தானாக என்னிடம் பேசினாள். எங்கள் ஊர்க்காரன்கள்தான் கோழைகள் என்று நினைத்தேன், உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றாள். அவள் சொன்னது உண்மை என்பதால் எரிச்சலாக இருந்தது.

இப்படியே சில வருஷம் ஓடியது. எங்களை யாருக்கும் பிடிக்கவில்லை. வேன் வந்தாலே இரண்டு ராட்சசிகள் வந்துவிட்டார்கள் என்பார்கள். என் கணவருக்கு அலுவலகத்தில் கேலி. ஆனாலும் போகப் போக, நாங்கள் திட்டுவதற்கு முன்பே சிலர் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற பாட்டில்கள் எப்போதும் ஒன்றிரண்டாவது மிஞ்சி இருக்கத் தொடங்கின. அந்த வேப்பமரத்தடிக்கு ஆளனுப்புவது குறைந்தது. சாகுபுரத்துக்கு வேன் போகும்போதெல்லாம் தங்கையின் புருஷன் ஷிப்ட் முடிந்து அழுக்கு உடுப்போடு வந்து கொடுத்துவிட்டுப் போவான். என்னிடம் தலையை மட்டும் அசைப்பான்.

தங்கை மகளுக்குத் திருச்செந்தூரில் காது குத்து வைத்தார்கள். உறவெல்லாம் ஒன்றுசேர வேண்டும் என்று பெரியவர்கள் பேசி, அண்ணாச்சியையும் அழைத்திருந்தார்கள். அவரும் வந்திருந்தார். எதிர்வீட்டுக்காரியைத் தங்கை தானே நேரில் வந்து அழைத்தாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அந்த வாரம்தான் என் செம்புக் குடம் நசுங்கியிருந்தது.

பந்தியில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரி பிள்ளைகளோடு வந்து, காலியாக இருந்த இலையின் முன்னால் உட்கார்ந்தாள். அது அண்ணாச்சிக்கு இரண்டு இலை தள்ளி இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். யார் என்று அடையாளம் தெரிந்ததும் இலையை மடக்கினார். இவள் உட்கார்ந்த பந்தியில் தன்னால் சாப்பிட முடியாது, இவளை எழுப்புங்கள் என்று பரிமாறியவரிடம் சொன்னார். பரிமாறியவர் வாளியோடு நின்றுவிட்டார். பெரியவர்கள், அந்த அம்மாவை அடுத்த பந்திக்கு இருக்கச் சொல்லலாமே என்று மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுக்காரி எழவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் முன்னால் போவதற்குள் தங்கை வந்துவிட்டாள். இடுப்பில் மொட்டைத் தலையோடு குழந்தை. புருஷனின் அண்ணன் முன்னால் அதுவரை அவள் நின்று பேசியதே கிடையாது. அவர் வருகிறார் என்றால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள்.

“பெரியத்தான்,” என்றாள். “அன்னைக்குக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. நீங்க சொன்னது அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு. எனக்கு ரத்தம் குடுத்த இந்த அக்கா இருக்கட்டும். நீங்க எந்திரிங்க.”

அண்ணாச்சி தம்பியைப் பார்த்தார். தம்பி பரிமாறுகிறவர் கையிலிருந்த வாளியை வாங்கி, எதிர்வீட்டுக்காரியின் இலையில் சோற்றை வைத்தான். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியேறினார். அவரோடு இன்னும் சிலரும் எழுந்து போனார்கள். யாரும் தடுக்கவில்லை.

அண்ணாச்சிக்கு அதன் பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை. மண்டி நன்றாக நடந்தது. நோய் நொடி இல்லாமல் இருந்தார். அவருக்கு யாருடைய ரத்தமும் தேவைப்படவில்லை, அவரும் யாருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. அவரைப் போல நல்ல உடம்போடு, நல்ல சாப்பாட்டோடு, ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பார்கள். அவர்களிடம் எனக்கு நயமாகப் பேச வராது. கையை நீட்டிவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை எதிர்வீட்டுக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை அவள் மடியில் விட்டாள். காது குத்திய வலியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.